அல்வா மட்டும் போதுமா தேனீக்கு?

குட்டி நண்பர்களே! நாகூர் போனால் அல்வா வாங்காமல் யாராவது திரும்பி வருவார்களா? சரி, ஒரு கற்பனை. "இனிமேல் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் உனக்கு அல்வாதான்" என்று அம்மா சொல்லிவிட்டார். முதல் நாள் துள்ளிக் குதிப்பீர்கள். இரண்டாம் நாள் லேசாக முகம் சுளிப்பீர்கள். மூன்றாம் நாள், "அம்மா, கொஞ்சம் சாம்பார் சாதம் போடேன்" என்று கெஞ்சுவீர்கள்!

அதற்குப் பிறகும் அம்மா மனம் இரங்கவில்லை என்றால்? உடம்பு இளைக்கும். ஓடி விளையாடத் தெம்பு இருக்காது. பாடம் மனதில் நிற்காது. சின்னச் சளி, காய்ச்சல் வந்தாலும் படுக்கையில் தள்ளிவிடும்.

தேனீக்கும் இதே கதைதான். தேனீ என்றால் தேன் குடித்தே வாழும் பூச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேன் அதற்கு அல்வா மாதிரி. பறப்பதற்கான சக்தியை அது தரும். ஆனால் உடம்பை வளர்ப்பது வேறொன்று. அது என்ன தெரியுமா? பூவின் நடுவே மஞ்சள் பொடியாக இருக்கிறதே, மகரந்தம். அதுதான்!

காலில் ஒரு கூடை

ஒரு தேனீயைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனித்துப் பாருங்கள். பின்னங்கால்கள் இரண்டிலும் மஞ்சளாகவோ, வெள்ளையாகவோ, ஆரஞ்சாகவோ ஓர் உருண்டை ஒட்டியிருக்கும். அதுதான் மகரந்த உருண்டை. தேனீயின் பின்னங்காலில் முடிகள் சூழ்ந்த சிறு பள்ளம் உண்டு. அதற்கு மகரந்தக் கூடை என்று பெயர். உடம்பெல்லாம் ஒட்டிய பொடியைக் கால்களால் வாரி, கொஞ்சம் தேன் தொட்டுப் பிசைந்து, உருண்டையாக்கி அந்தக் கூடையில் வைத்துக்கொண்டு பறந்துவிடும்.

கூட்டுக்குள் போனதும் அந்த உருண்டையை ஓர் அறையில் போட்டுத் தலையால் இடித்து அமுக்குவார்கள். எச்சிலும் தேனும் சேரும். கூடவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் சேரும். இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் புளித்துப் பொங்கி நிற்கிறதல்லவா? அதுபோல இந்த மகரந்தமும் மெல்லப் புளிக்கும். சீக்கிரம் கெட்டுப் போகாது. இதைத் 'தேனீ ரொட்டி' என்பார்கள்.

ரொட்டியை அதிகம் சாப்பிடுவது யார்? இளம் வயதுச் செவிலித் தேனீக்கள். அவை சாப்பிட்ட மகரந்தம் அவற்றின் தலையில் உள்ள சுரப்பிகளில் பால் போன்ற உணவாக மாறுகிறது. அந்தப் பாலைத்தான் ராணிக்கும் புழுக்களுக்கும் ஊட்டுகின்றன. மகரந்தம் இல்லையா? பால் இல்லை. பால் இல்லையா? அடுத்த தலைமுறை இல்லை!

பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீயைக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு புழுவைத் தேனீயாக்க 125 முதல் 145 மில்லிகிராம் மகரந்தம் வேண்டும். ஒரு தேனீ ஒரு நடையில் சுமந்து வருவது சுமார் 15 மில்லிகிராம்தான். அப்படியென்றால், ஒரு குட்டித் தேனீ பிறக்க அக்காக்கள் ஒன்பது, பத்து நடை போய்வர வேண்டும். ஆமாம், அக்காக்கள்தான். வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே பெண்கள்!

'ர்' இல்லாமல் நாகூர் எழுத முடியுமா?

எல்லா மகரந்தமும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. சில பூக்களின் மகரந்தத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்குதான் புரதம். சில பூக்களில் 60 பங்குக்கு மேலும் இருக்கும். தண்ணீர்ச் சாம்பாருக்கும் கெட்டிப் பருப்புக்கும் உள்ள வித்தியாசம்!

புரதம் எவ்வளவு என்பது மட்டுமல்ல, அது எதனால் ஆனது என்பதும் முக்கியம். புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகள் கோத்த மாலைகள். இவற்றில் 10 அமினோ அமிலங்களைத் தேனீயால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது, உணவில்தான் கிடைக்க வேண்டும் என்று டி குரூட் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி 1953-ல் கண்டுபிடித்தார்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? 'நாகூர்' என்று எழுத 'நா', 'கூ', 'ர்' என்ற மூன்று எழுத்தும் வேண்டும். உங்களிடம் நூறு 'நா' இருக்கிறது, நூறு 'கூ' இருக்கிறது, ஒரு 'ர்' கூட இல்லை. 'நாகூர்' எழுத முடியுமா? முடியாது. மகரந்தத்திலும் அப்படித்தான். ஒன்றே ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பதும் பயன்படாமல் நிற்கும். தைல மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தின் மகரந்தத்தில் 'ஐசோலூசின்' என்ற அமினோ அமிலம் குறைவு. ஒரே தைல மரக்காட்டில் வாழும் தேனீ, வயிறு நிறையச் சாப்பிட்டும் சத்துக் குறைவால் வாடும். பக்கத்தில் வேறொரு பூ இருந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

மறதிக்காரத் தேனீ

மீன் சாப்பிட்டால் மூளைக்கு நல்லது என்று வீட்டில் சொல்வார்கள். காரணம், மீனில் ஒமேகா-3 என்ற கொழுப்பு இருக்கிறது. தேனீ மீனுக்கு எங்கே போகும்? அதற்கு ஒமேகா-3 மகரந்தத்தில்தான் கிடைக்கிறது.

இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் 2015-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தேனீக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். "இந்த வாசனை வந்தால் இனிப்பு வரும்" என்று நல்ல தேனீக்கள் சட்டெனக் கற்றுக்கொண்டன. ஒமேகா-3 குறைந்த உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவையோ தடுமாறின. பூவின் வாசனை மறந்துபோனால் தேனீயின் பிழைப்பு என்ன ஆவது?

இன்னொரு சத்தும் உண்டு. அதற்கு ஸ்டீரால் என்று பெயர். தேனீயால் இதைத் தானே செய்துகொள்ள முடியாது. 2025-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு வகை ஈஸ்டில் சிறு மாற்றம் செய்து, தேனீக்கு வேண்டிய ஆறு ஸ்டீரால்களை அதைக்கொண்டே தயாரிக்க வைத்தார்கள். அதைக் கலந்து கொடுத்த தேனீக் கூட்டங்கள், கொடுக்காத கூட்டங்களைவிட 15 மடங்கு வரை அதிகமான புழுக்களை வளர்த்துக் கூட்டுப்புழு ஆக்கின. பூவில் இருக்கும் ஒரு துளிச் சத்துக்கு எவ்வளவு மதிப்பு, பாருங்கள்!

பூவுக்குள் ஒரு மருந்துக்கடை

அம்மா ரசத்தில் மிளகும் பூண்டும் போடுவது ருசிக்காக மட்டுமா? சளி பிடிக்காமல் இருக்கவும்தானே! மகரந்தத்திலும் இப்படிப்பட்ட பொருட்கள் உண்டு. மகரந்தத் துகளின் ஓட்டில் 'கூமாரிக் அமிலம்' என்ற பொருள் இருக்கிறது. இது தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் வேலையைத் தூண்டிவிடுகிறது என்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் கண்டறிந்தார்கள். வெறும் சர்க்கரைப் பாகில் இது கிடையாது.

பிரான்ஸ் நாட்டில் 2010-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவையானது. புழுக்களின் உணவு கெடாமல் காக்க ஒரு நொதி தேனீயிடம் சுரக்கிறது. பல பூக்களின் மகரந்தத்தைக் கலந்து சாப்பிட்ட தேனீக்களிடம் அது அதிகமாக வேலை செய்தது. புரதம் அதிகமுள்ள ஒரே வகை மகரந்தம் சாப்பிட்ட தேனீக்களைவிடவும் அதிகம்! "உயர்ந்த சாப்பாடு" என்று ஒன்றைக் குவிப்பதைவிட, எளிய சாப்பாடு பலவும் கலந்திருப்பதே நல்லது என்பது இதன் பொருள்.

எந்தப் பூவையும் லேசாக நினைத்துவிடாதீர்கள். சூரியகாந்தி மகரந்தத்தில் புரதம் குறைவுதான். ஆனால் வண்டுத்தேனீ என்ற இனத்தின் குடலில் வரும் ஓர் ஒட்டுண்ணியை அதே சூரியகாந்தி மகரந்தம் வெகுவாகக் குறைக்கிறது என்று 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

நாகூர்த் தேனீயின் சாப்பாட்டு அட்டவணை

இப்போது நம் ஊருக்கு வருவோம். நாகூர், வெட்டாறு கடலில் கலக்கும் இடம். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல் வயல். இங்கே ஒரு தேனீ வருடம் முழுக்க என்ன சாப்பிடும்?

நெற்பூவைப் பார்த்திருக்கிறீர்களா? காலை வெயில் ஏறும்போது உமி லேசாகத் திறந்து, வெளிறிய மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். நெல்லுக்குத் தேனீயின் உதவி தேவையில்லை. தன் மகரந்தமே தனக்குப் போதும். அதனால் அது தேனும் சுரப்பதில்லை. ஆனாலும் தேனீக்கள் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்து மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போகும்.

ஆனால் நெல் பூப்பது எத்தனை நாள்? ஒரு கதிர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பூத்து முடிந்துவிடும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நட்டால், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பூத்து ஓய்ந்துவிடும். அப்புறம்? பச்சைப் பசேல் என்று இருக்கும் வயல், தேனீயின் கண்ணுக்குச் சோறு இல்லாத பாலைவனம்!

நல்லவேளை, நம் டெல்டா விவசாயிகள் நெல்லோடு நிறுத்துவதில்லை. சம்பா அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவார்கள். மாசி, பங்குனியில் அவை பூக்கும். எள் பூத்தால் தேனீக்களுக்குத் திருவிழாதான். கோடை தொடங்கும்போது வேம்பும் புங்கனும் பூக்கும். அடுத்துப் புளி. வேதாரண்யம் பக்கம் முருங்கை. முத்துப்பேட்டைச் சதுப்பில் அலையாத்தி மரங்கள். வரப்பு ஓரத்தில் தும்பை. இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்னை! நல்ல தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு பாளை விடும். எனவே ஒரு தோப்பில் எப்போதும் ஏதாவது ஒரு மரத்தில் பூ இருக்கும். வேறு எதுவும் பூக்காத மாதத்தில் தேனீக்குக் கை கொடுப்பது இந்தத் தென்னைதான்.

கஷ்ட காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை கொட்டும். தேனீயால் பறக்க முடியாது. பூத்த பூவிலும் மகரந்தம் நனைந்து போய்விடும். சேர்த்து வைத்த தேனீ ரொட்டியை வைத்துத்தான் நாளை ஓட்ட வேண்டும். அதுவும் தீர்ந்துபோனால், புழுக்களை வளர்ப்பதையே நிறுத்திவிடும். பசி முற்றினால் தங்கள் இளம் புழுக்களையே தின்று, அந்தச் சத்தை மற்றவற்றுக்கு ஊட்டும். நம் இந்தியத் தேனீ சில சமயம் கூட்டையே காலி செய்துவிட்டு வேறிடம் தேடிப் போய்விடும்.

ஓர் இரவில் விழுந்த சமையலறை

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பல குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழந்து கண்ணீர் விட்டதை நாடே பார்த்தது.

அந்த மரங்களைத் தேனீயின் பக்கமிருந்தும் ஒரு நிமிடம் பாருங்கள். வருடம் முழுக்க அடுப்பு எரிந்த சமையலறை ஒன்று ஒரே இரவில் இடிந்து விழுந்துவிட்டது! அதுவும் மழைக்காலத்தின் நடுவில். புதிதாக நட்ட நெட்டைத் தென்னங்கன்று பாளை விட ஐந்தாறு வருடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை என்ன செய்வது? அருகில் முருங்கையும் புங்கனும் எள்ளும் இருக்கும் ஊர்த் தேனீக்குப் பிழைக்க வழி உண்டு. தென்னையை மட்டுமே நம்பிய தேனீக்கு? ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும்.

இனிப்பு வழியும் ஊர்

தமிழ்நாட்டில் தேனுக்குப் பேர்போன இடம் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். அங்கே தேன் எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? பெரும்பாலும் ரப்பர் தோட்டத்திலிருந்து. வியப்பு என்னவென்றால், ரப்பர் மரத்தில் அந்த இனிப்பு பூவில் சுரப்பதில்லை. தளிர் இலைக் காம்பின் நுனியில் சுரக்கிறது! இலைக்கு ஏது மகரந்தம்? ஆகவே இனிப்பு வழிகிறது, புரதம் இல்லை. நெல் வயலில் மகரந்தம் உண்டு, தேன் இல்லை. ரப்பர் தோட்டத்து இலையில் தேன் உண்டு, மகரந்தம் இல்லை. எந்த ஒற்றைப் பயிரும் தேனீக்கு முழுச் சாப்பாடு ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

1991, 1992-ம் ஆண்டுகளில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் கூட்டுப்புழு ஆகாமல் தண்ணீர்ப் பை போல ஊதி இறந்தன. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெரும்பாலான இந்தியத் தேனீக் கூட்டங்கள் அழிந்தன. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தேனீ வளர்ப்பவர்கள் மீண்டு வந்தார்கள்.

மகரந்தம் சாப்பிட்டால் இந்த நோய் வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2010-ல் அமெரிக்காவில் இத்தாலியத் தேனீக்களிடம் வேறொரு வைரஸை வைத்துப் பார்த்தார்கள். வெறும் சர்க்கரைப் பாகு குடித்தவற்றைவிட மகரந்தம் சாப்பிட்டவற்றின் உடலில் வைரஸ் குறைவாக இருந்தது. சத்தான பிள்ளை காய்ச்சலை எதிர்த்து நிற்கும் அல்லவா, அது போல!

நமக்கு என்ன?

"தேனீ இளைத்தால் எனக்கென்ன? நெல்லுக்குத்தான் தேனீ வேண்டாமே" என்று யாராவது கேட்கலாம். சோறு கிடைத்துவிடும், சரி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள?

பறங்கிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். பிசுபிசுப்பான அந்தக் கனத்த மகரந்தத்தைக் காற்று தூக்காது. தேனீதான் தூக்க வேண்டும். பாகற்காய், சுரைக்காய், வெள்ளரிக்காய் எல்லாவற்றுக்கும் பூச்சிகளின் உதவி வேண்டும். தேனீ வந்து போனால் எள்ளும் கூடுதலாகக் காய்க்கும். பொங்கலன்று பறங்கிக்காய் இல்லாத கூட்டை நினைத்துப் பாருங்கள்!

நாம் என்ன செய்யலாம்?

வரப்பில் உளுந்து விதைப்பது நம் பகுதியில் உள்ள நல்ல பழக்கம். வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு, எள் என்று இருந்தால் நெல்லைக் காக்கும் நன்மைப் பூச்சிகளும் வரும், தேனீக்கும் சாப்பாடு கிடைக்கும். உங்கள் வீட்டில் வயல் இருந்தால் தாத்தாவிடமும் அப்பாவிடமும் இதைப் பேசுங்கள். மருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால், தேனீ மேயும் காலை நேரத்தில் வேண்டாம், சாயங்காலம் தெளிக்கலாமே என்று கேளுங்கள்.

வயல் இல்லையா? கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பு நடுங்கள். மாடியில் துளசித் தொட்டி வையுங்கள். பள்ளியில் மரம் நடும்போது புங்கன், வேம்பு என்று மாற்றி மாற்றி நடச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுக்கு அடுக்காக இதழ் வைத்த செம்பருத்தி அழகுதான். ஆனால் அதில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிட்டன. தேனீக்கு அது காலித் தட்டு! ஒற்றை அடுக்குப் பூதான் அதற்குப் பிடித்த பந்தி.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு பழைய நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் அந்த மாதம் என்னென்ன பூத்திருக்கிறது, எதில் தேனீ உட்கார்ந்தது, அதன் கால் உருண்டை என்ன நிறம் என்று எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ, அந்த மாதத்தில்தான் உங்கள் ஊர்த் தேனீ பட்டினி கிடக்கிறது. அந்த மாதம் பூக்கும் செடியைத் தேடி நட்டுவிட்டால் போதும்.

எச்சரிக்கையும் உண்டு. உயரமான கட்டடம், தண்ணீர்த் தொட்டி, ஆலமரம் ஆகியவற்றில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டின் அருகே போகாதீர்கள். கல் எறியவே கூடாது. பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீயைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

என்ன குட்டி நண்பர்களே, நோட்டும் பென்சிலும் தயாரா? இந்த மாதப் பக்கத்தில் முதல் பூவாக எதை எழுதப் போகிறீர்கள்?